விடை கூறும் நியமம்

காஞ்சி மாநகரில் அறவண அடிகளின் முன்னிலையில் மணிமேகலை அறம் கேட்டதைச் சொல்லும், அவள் பெயர் கொண்ட காப்பியத்தின் முப்பதாம் காதையில், பௌத்த தத்துவங்களின் நீண்ட வரிசைக்கு நடுவே, அவசரமாகப் படிப்போர் கவனியாமல் கடந்துவிடக் கூடிய ஒரு சிறு பகுதி இருக்கிறது. வினாவுக்கு விடை கூறும் முறைகள் நான்கு என்று அப்பகுதி வகுக்கிறது. தோன்றிய பொருள் அழியுமா என்று கேட்டால் அழியும் என்று தயங்காமல் சொல்லிவிடுவது ஒரு முறை. அதற்குத் துணிந்து சொல்லல் என்று பெயர். இறந்தவன் மீண்டும் பிறப்பானா என்று கேட்டால், அவன் பற்றை விட்டவனா விடாதவனா என்று பிரித்துப் பார்த்து, அந்தந்தப் பிரிவுக்கு உரியதைச் சொல்வது கூறிட்டு மொழிதல். முட்டை முந்தியதா பனை முந்தியதா என்று ஒருவன் கேட்டால், எந்த முட்டையையும் எந்தப் பனையையும் குறித்துக் கேட்கிறாய் என்று திருப்பிக் கேட்டு, வினாவை வினாவினாலேயே தெளிவாக்குவது வினாவின் விடுத்தல். ஆகாயத்தில் பூத்த பூ பழையதா புதியதா என்பது போன்ற வினாவுக்கு ஒன்றும் சொல்லாமல் இருந்துவிடுவது வாய்வாளாமை. மௌனத்தையும் விடைகளில் ஒன்றாக எண்ணி, அதற்கு ஒரு பெயரும் இட்டு, மற்ற மூன்றோடு சரியாசனம் கொடுத்திருக்கும் அந்தப் பெருந்தன்மையை நான் பல முறை எண்ணி வியந்ததுண்டு.

இந்தப் பகுதி தத்துவ விசாரத்துக்கு மட்டும் உரியது என்று கருதுவது அதன் பிரயோஜனத்தைக் குறைத்து மதிப்பதாகும். முன்பின் அறியாத மனிதர்கள் கேட்கும் கேள்விகளுக்கு நாள்தோறும் விடை எழுதுவது முற்காலத்தில் மடாதிபதிகளும் பத்திரிகாசிரியர்களும் மட்டுமே மேற்கொண்டிருந்த காரியம். அது இன்று உத்திரமேரூரைச் சுற்றிய கிராமங்களில் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியருக்கும், கால்நடை மருத்துவருக்கும், நெல் சாகுபடியில் நாற்பது ஆண்டு பழகிய விவசாயிக்கும் அன்றாட வேலைகளில் ஒன்றாகிவிட்டது. கைபேசி வழியாகப் பட்டாவைப் பற்றியும் பயிர்க் கடனைப் பற்றியும் கன்றின் கழிச்சலைப் பற்றியும் கேள்விகள் வந்தவண்ணம் இருக்கின்றன; அறிந்தவர்கள் தங்கள் காலத்தைக் கொடுத்து, ஊதியம் எதுவும் பெறாமல், விடை சொல்லி வருகிறார்கள். இது ஓர் உயர்ந்த தர்மம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் தர்மங்கள் யாவற்றையும் போல இதுவும் நியமத்தோடு செய்யப்படும்போதுதான் பலன் தருகிறது என்பதும், விடை கூறுவோனின் பெருமை அவனுடைய அறிவைக் காட்டிலும் அவன் கைக்கொள்ளும் ஒழுங்கில்தான் அதிகமாகத் தங்கியிருக்கிறது என்பதும் என் அபிப்பிராயம். அந்த ஒழுங்கின் இலக்கணத்தை இந்த மண்ணிலும் இந்த மொழியிலும் நம் முன்னோர் எங்கெங்கே எழுதி வைத்தார்கள் என்று தேடிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, அதற்குள் எத்தனை கேள்விகள் அடங்கியிருக்கின்றன என்று பார்ப்போம். சம்பா நட்டு ஒரு மாதம் ஆகும் தருணத்தில் இந்தப் பக்கத்து விவசாயக் குழுக்களில் அடிக்கடி வரும் கேள்வி இது: "ஐயா, பயிர் மஞ்சளடிக்குது, என்ன மருந்து அடிக்கலாம்?" கேள்வியோடு ஒரு புகைப்படமும் வரும், கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்த ஒற்றை இலை, பின்னணியில் மங்கலாகத் தெரியும் வயல், பெரும்பாலும் உச்சி வெயிலில் எடுத்த படம். கேள்வி வந்த ஐந்து நிமிஷத்துக்குள் யாராவது ஒருவர், யூரியா போடுங்கள் என்று எழுதிவிடுவார். இன்னொருவர் ஒரு பூச்சிமருந்தின் பெயரை எழுதுவார். இருவருமே நல்லெண்ணம் படைத்தவர்கள். இருவருடைய சொல்லும் சில வயல்களுக்குப் பொருந்தக் கூடியதுதான். ஆனால் கேட்டவருடைய வயலுக்குப் பொருந்துமா என்பதை அவ்விருவருமே அறியார்கள்.

நெற்பயிர் மஞ்சளாவதற்குக் காரணம் ஒன்றன்று. தழைச்சத்துக் குறைந்தால் அடியிலைகள் முதலில் ஒரே சீராக வெளிறும். கந்தகச் சத்துக் குறைந்தால் அதற்கு மாறாக இளம் இலைகள் முதலில் வெளிறும். துத்தநாகச் சத்துக் குறைவு, நட்ட இரண்டாவது வாரத்திலிருந்து நான்காவது வாரத்துக்குள், இளம் இலையின் அடிப்பக்கத்து நடுநரம்பில் வெளுப்பாகவும், கீழ் இலைகளில் இரும்புத் துருவின் நிறமுள்ள புள்ளிகளாகவும் தெரியும். வயல் முழுவதும் ஒரே மாதிரி இராமல் திட்டுத் திட்டாகப் பயிர் குன்றி நிற்கும். பச்சைத் தத்துப்பூச்சி பரப்பும் துங்ரோ என்னும் நச்சுயிரி நோயில் இலை ஆரஞ்சு கலந்த மஞ்சளாகிப் பயிர் குட்டையாகித் தூர் கட்டுவதும் குறைந்துபோகும். பாக்டீரியா இலைக்கருகலில் இலையின் ஓரங்களில் மஞ்சள் அலையலையாக இறங்கி, பிறகு வைக்கோல் நிறம் கொள்ளும். இந்த ஐந்தில் முதலாவதற்கு யூரியா பரிகாரம். கடைசியாகச் சொன்ன நோயிலோ, யூரியாவை அதிகம் போட்டால் நோய் முற்றும். துத்தநாகக் குறைவுக்குச் செலவு குறைந்த பரிகாரம் உண்டு: ஹெக்டேருக்கு இருபத்தைந்து கிலோ, அதாவது ஏக்கருக்குப் பத்துக் கிலோ, துத்தநாக சல்பேட் போதும். ஆனால் இன்னதென்று அறியாமல் மூட்டை மூட்டையாக யூரியாவைக் கொட்டினாலும் அந்தக் குறை தீராது.

ஆகவே, மஞ்சளடிக்கிறது என்று கேட்டவருக்கு முதலில் கொடுக்க வேண்டிய விடை ஒரு கேள்விதான். அடியிலையா மேலிலையா, நட்டு எத்தனை நாள், என்ன ரகம், வயல் முழுவதுமா ஒரு பக்கம் மட்டுமா, தண்ணீர் தேங்கியே நிற்கிறதா, பக்கத்து வயல் எப்படி இருக்கிறது, கடைசியாக என்ன உரம் போட்டீர்கள் என்று கேட்க வேண்டும். இதுதான் காஞ்சியில் மணிமேகலை கேட்ட வினாவின் விடுத்தல். விடைகள் வந்த பிறகு, இப்படியானால் இது, அப்படியானால் அது என்று பிரித்துச் சொல்வது கூறிட்டு மொழிதல். எல்லாம் தெளிவானபின் இதைச் செய்யுங்கள் என்று கூறுவது துணிந்து சொல்லல். படத்தைப் பார்த்தும் கேட்டுப் பார்த்தும் தெளிவு பிறக்காவிடில், இலையையும் மண்ணையும் எடுத்துக்கொண்டு வேளாண்மை விரிவாக்க மையத்துக்கோ காட்டுப்பாக்கத்திலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ போகும்படி கேட்டுக்கொண்டு, மருந்தின் பெயரைச் சொல்லாமல் நிறுத்திக்கொள்வது வாய்வாளாமைக்கு மிகவும் நெருங்கியது. நான்கில் எது முதலில் வர வேண்டும் என்பதை அறிந்தவரே விடை கூறத் தகுதி பெற்றவர். துணிந்து சொல்லலையே எப்போதும் முதலில் வைத்துக்கொள்பவர், எவ்வளவு கற்றவராயினும், பிறர் பயிரோடு விளையாடுகிறவராகிவிடுகிறார்.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சீயகங்கன் என்னும் சிற்றரசனின் ஆதரவில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலும் இந்த விஷயத்தை விரிவாக ஆராய்ந்திருக்கிறது. வினா ஆறு வகை என்பது பள்ளிக்கூடத்தில் நாம் எல்லோரும் படித்தது. அறிந்தவன் பிறனுடைய அறிவைச் சோதிக்கக் கேட்பதும், அறியாதவன் அறிந்துகொள்ளக் கேட்பதும், ஐயம் நீங்கக் கேட்பதும், ஒன்றை வாங்கிக்கொள்ளவும் கொடுக்கவும் ஏவவும் கேட்பதும் என அவை வேறு வேறு நோக்கமுடையவை. பரீட்சைக்காக மனப்பாடம் செய்து மறந்துவிட்ட இந்தப் பகுப்பை, நாள்தோறும் கேள்விகளைப் படிக்கிறவர்கள் மீண்டும் நினைவுக்குக் கொண்டுவந்தால் அதன் அருமை புலப்படும். கடையில் இந்த மருந்து நல்லதா என்று கேட்பவர் பல சமயங்களில் அறியாமையால் கேட்பதில்லை. வாங்கி வந்துவிட்டதால், ஆம் என்ற ஒரு சொல்லைத் தேடுகிறார். மற்றொருவர் பிறருக்கு முன்னால் விடை கூறுவோரைச் சோதிக்கவே கேட்கிறார். அவருக்கும் மரியாதையாக விடை சொல்லலாம். ஆனால் அவருக்குக் கொடுக்கும் நேரத்தை, அடுத்த வரியில் உண்மையாகவே தவித்து நிற்கும் ஒருவரிடமிருந்து எடுத்துக் கொடுக்கிறோம் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

நன்னூலின் பொதுப் பாயிரத்தில் மாணவன் பாடம் கேட்கும் வரலாற்றைச் சொல்லும்போது முனிவர் ஒரு கணக்கும் கொடுக்கிறார். ஆசிரியர் சொல்வதை எவ்வளவு நன்றாகக் கேட்டுக்கொண்டாலும் புலமையில் காற்பங்குக்கு மேல் வராது. உடன் பயிலும் மாணவரோடு பழகுவதால் மற்றொரு காற்பங்கு வரும். எஞ்சிய அரைப் பங்கு, தான் கற்றதைப் பிறருக்கு எடுத்துச் சொல்வதால்தான் நிரம்பும். கற்பதில் பாதி, கற்பித்தலுக்குள் இருக்கிறது என்று எழுநூறு எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் ஓர் இலக்கண ஆசிரியர் இவ்வளவு திட்டமாகச் சொல்லியிருக்கிறார். ஊதியமில்லாமல் பிறருக்கு விடை எழுதுகிறீர்களே, உங்களுக்கு என்ன லாபம் என்று கேட்போருக்கு இதைவிடச் சிறந்த சமாதானம் எனக்குத் தோன்றவில்லை. பாக்டீரியாக் கருகலையும் துங்ரோவையும் புத்தகத்தில் படித்தவனுக்கு அவை இரண்டு பெயர்கள். ஐம்பது பேருடைய வயல்களைப் பற்றிக் கேட்டுக் கேட்டு விடை சொன்னவனுக்கு அவை இரண்டு முகங்களாகிவிடுகின்றன.

கேட்பதற்கு வெட்கப்படாத பேரறிஞர்களும் சொல்வதற்குச் சலிக்காத பண்டிதர்களும் சேர்ந்து வாழ்ந்த காலத்தின் பயனைத்தான் இன்று நாம் அச்சில் அனுபவிக்கிறோம். 1880ஆம் ஆண்டில் கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியார், இளம் வயதினரான உ. வே. சாமிநாதையரிடம், என்னென்ன நூல்கள் படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார். ஐயர் சொன்ன நீண்ட பட்டியல் முழுவதையும் கேட்டுவிட்டு, சீவக சிந்தாமணி போன்ற பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று வினவினார். அந்தக் கேள்வி ஐயருடைய வாழ்க்கையையே திருப்பிவிட்டது. சிந்தாமணியின் பொருளை அறிய அவர் கும்பகோணத்து ஜைனர் வீடுகளுக்குச் சென்று, பரம்பரையாக அதைப் பாடம் கேட்டவர்களிடம் தம்முடைய ஐயங்களை ஒவ்வொன்றாகக் கேட்டார். நூல் 1887இல் வெளிவந்தது. பின்னர் மணிமேகலையைப் பதிப்பிக்க முற்பட்டபோது பௌத்த மதப் பரிபாஷைகள் அவருக்கு விளங்காமல் நின்றன. மளூர் ரங்காசாரியார் என்ற கல்லூரி ஆசிரியர் ஆங்கிலத்திலுள்ள பௌத்த நூல்களைப் படித்து, ஐயர் கேட்கக் கேட்க விளக்கம் சொன்னார். மணிமேகலை 1898இல் பதிப்பானது. விடை கூறும் நான்கு முறைகளைச் சொல்லும் அந்தக் காதையே, பெயரையும் பொருளையும் எதிர்பாராத ஒருவர் பொறுமையாகச் சொன்ன விடைகளின் துணையால்தான் நம் கைக்குத் தெளிவாக வந்து சேர்ந்திருக்கிறது.

அதே 1898ஆம் ஆண்டில்தான், உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலைச் சேர்ந்த சபா மண்டபத்தின் சுவரிலுள்ள இரண்டு கல்வெட்டுகள் சாசனத் துறையினரால் படியெடுக்கப்பட்டன. முதலாம் பராந்தக சோழனின் பன்னிரண்டாம் ஆட்சியாண்டையும் பதினான்காம் ஆட்சியாண்டையும், அதாவது 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்த அச்சாசனங்கள் குடவோலைத் தேர்தலுக்காக உலகப் புகழ் பெற்றவை. முப்பது குடும்புகளாக ஊரைப் பிரித்ததும், சம்வத்சர வாரியத்துக்குப் பன்னிருவரையும் தோட்ட வாரியத்துக்குப் பன்னிருவரையும் ஏரி வாரியத்துக்கு அறுவரையும் தேர்ந்ததும் யாவரும் அறிந்த செய்திகள். அவற்றை மறுபடியும் விரித்துரைப்பது என் நோக்கமன்று. ஒரு பொதுக் காரியத்தை நாள்தோறும் நடத்துவோர் தங்களைத் தாங்களே எப்படிக் கட்டுப்படுத்திக்கொண்டார்கள் என்பதைப் பற்றி அச்சாசனங்களில் மூன்று விஷயங்கள் இருக்கின்றன; அவைதான் இங்கே நமக்குப் பயன்படுவன.

முதலாவது, செய்த ஏற்பாட்டைத் திருத்திக்கொள்ளும் மனம். 919இல் வகுத்த விதிகளில் உறுப்பினரின் வயது முப்பதுக்கு மேல் அறுபதுக்குள் என்று இருந்தது. இரண்டே ஆண்டுகளில் அதே சபை மீண்டும் கூடி, முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் என்று மாற்றி, வேறு பல விதிகளையும் விரிவாக்கி, பழையதை மறைக்காமல் புதியதையும் கல்லிலே பொறித்தது. நேற்று சொன்ன விடை தவறென்று இன்று அறிந்தவர், அதை அழித்துவிடாமல், அதன் கீழேயே திருத்தத்தை எழுதி வைப்பாராயின், அவர் அந்தச் சபையின் வழியைப் பின்பற்றியவராவார்.

இரண்டாவது, கணக்கு. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் குடத்துள் பெயர் இடப்படுவதற்கு உரியவரல்லர்; அவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினரும் விலக்கப்பட்டனர். விடை கூறுதலிலும் இப்படி ஒரு கணக்கு இருக்கிறது. இந்த மருந்தை இந்த அளவில் தெளியுங்கள் என்று சொன்னவர், பதினைந்து நாள் கழித்து, தெளித்தீர்களா, பயிர் எப்படி இருக்கிறது என்று கேட்டறிய வேண்டும். கேட்டறியாதவரை, தாம் சொன்னது மெய்யா பொய்யா என்பது அவருக்கே தெரியாது. தெரியாமலே அதை அடுத்தவருக்கும் சொல்லிக்கொண்டிருப்பார். நம் காலத்தில் விடை கூறுவோரிடம் நான் காணும் பெருங்குறை அறியாமையன்று, இந்தக் கணக்கை முடிக்காமல் விடுவதுதான்.

மூன்றாவது, வெளிப்படை. குடத்திலிருந்து ஓலையை எடுப்பதற்கு உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவனை அழைத்தார்கள். அவன் எடுத்துக் கொடுத்த ஓலையை மத்தியஸ்தன் ஐந்து விரல்களையும் விரித்து, உள்ளங்கையிலே, எல்லோரும் காணும்படி வாங்கிக்கொண்டான். அவன் படித்த பிறகு, மண்டபத்திலிருந்த நம்பிமார் என்னும் கோயில் அர்ச்சகர் அனைவரும் அதே ஓலையை ஒவ்வொருவராகப் படித்தனர். விரித்த கை என்ற அந்தச் சிறு விவரத்தைக் கல்லில் எழுதச் சொன்னவர்கள், நம்பிக்கை எங்கே உடையும் என்பதை நன்றாக அறிந்தவர்கள். இன்று ஒரு குறிப்பிட்ட கம்பெனியின் மருந்தையே எல்லா நோய்க்கும் சிபாரிசு செய்பவர், தமக்கு அந்த வியாபாரத்தில் சம்பந்தம் உண்டா இல்லையா என்பதைக் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுதல் அவருக்கும் நல்லது, கேட்பவருக்கும் நல்லது.

அந்தச் சபையைப் பாராட்டும் அதே மூச்சில் அதன் எல்லையையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலமும் சொந்த மனையில் வீடும் வேத சாஸ்திர அறிவும் உள்ள ஆடவர்க்கே அங்கே இடம். ஏரியில் வண்டல் எடுத்தவருக்கும் நாற்று நட்டவளுக்கும் அந்த மண்டபத்தில் குரல் இருந்ததில்லை. இன்றைய நிலையும் முழுவதும் மாறிவிட்டது என்று சொல்வதற்கில்லை. வயலைப் பற்றிய கேள்வி வீட்டு ஆண்மகனுடைய கைபேசியிலிருந்து வருகிறது. ஆனால் களை எடுக்கும்போது தூருக்குத் தூர் குனிந்து, இலையின் அடியில் பூச்சி இருப்பதை முதலில் கண்டவள் பெரும்பாலும் ஒரு பெண். அவள் கண்டது கேள்விக்குள் வந்து சேருவதில்லை. ஆகவே எதிர்வினாக்களில் ஒன்றாக, "களை எடுத்தவங்க என்ன பார்த்தாங்க, கேட்டீங்களா?" என்பதையும் சேர்த்துக்கொள்வது அவசியம் என்று நான் கருதுகிறேன். கேட்டுப் பார்த்தவர்கள் அறிவார்கள்: அந்த ஒரு கேள்விக்கு வரும் விடையில், புகைப்படத்தில் இல்லாத விவரம் எத்தனையோ வந்து சேரும்.

இனிக் காலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கேள்விகளுக்கு ஓய்வில்லை, விடை கூறுவோனுக்கு ஓய்வு வேண்டும். இவ்விரண்டுக்கும் இடையிலான சிக்கல் புதியதன்று. 1691இல் லண்டனில் ஜான் டன்டன் என்ற புத்தக வியாபாரி, வாசகர் அனுப்பும் வினாக்களுக்கு விடை சொல்வதற்கென்றே ஒரு பத்திரிகையைத் தொடங்கி, சில நண்பர்களைத் துணையாக வைத்துக்கொண்டு, சில ஆண்டுகள் நடத்தினார். நம் நாட்டில் எஸ். ஏ. பி. அண்ணாமலை ஆசிரியராயிருந்த குமுதத்தின் அரசு பதில்களும், கல்கண்டில் தமிழ்வாணன் எழுதிய பதில்களும், ஜூனியர் விகடனில் சுஜாதா எழுதிய விஞ்ஞானக் கேள்வி பதில்களும் தலைமுறை தலைமுறையாக வாசகரைப் பழக்கின. பத்திரிகைக்கு ஒரு வசதி இருந்தது. வாரம் ஒரு முறை வெளிவருவதால், கேள்வி வந்த நாளுக்கும் விடை அச்சேறும் நாளுக்கும் இடையே சிந்திக்க அவகாசம் கிடைத்தது. நூறு கேள்விகளில் பத்தைத் தேர்ந்து மற்றதை விட்டுவிடும் உரிமையும் ஆசிரியருக்கு இருந்தது.

பத்திரிகாசிரியரல்லாத ஒருவர் இதை எப்படி நியமமாக்கிக்கொண்டார் என்பதற்குத் திருவண்ணாமலை ரமண மகரிஷியின் வாழ்க்கை சிறந்த திருஷ்டாந்தம். ஏறக்குறைய 1902இல், அவர் விரூபாட்ச குகையில் மௌனமாக இருந்த காலத்தில், சிவப்பிரகாசம் பிள்ளை என்ற ரெவினியூ இலாகா உத்தியோகஸ்தர் வந்து கேட்ட கேள்விகளுக்கு அவர் எழுதிக் காட்டிய விடைகளே பின்னர் "நான் யார்?" என்ற சிறு நூலாயின. ஆசிரமம் ஏற்பட்ட பிறகு, நாள்தோறும் வந்த தபால்கள் ஹாலில் அவரிடம் கொடுக்கப்பட்டன. காரியாலயத்தார் எழுதிய பதில்கள் தபாலில் சேருமுன் அவர் பார்வைக்கு வந்து, வேண்டிய இடத்தில் திருத்தம் பெற்றன. எல்லாவற்றையும் துறந்தவர் என்று உலகம் போற்றிய ஒருவர், முகமறியாத மனிதர்களின் கடிதங்களுக்குப் பதில் போகிறதா, சரியாகப் போகிறதா என்பதை மட்டும் துறக்கவில்லை. அந்த வேலைக்கு ஒரு வேளை இருந்தது. அந்த வேளை தவறவில்லை. வேளை முடிந்ததும் வேலையும் முடிந்தது. நாள் முழுவதும் கைபேசியைக் கையிலிருந்து இறக்காமல், உண்ணும்போதும் உழும்போதும் இரண்டு வரி பதில் எழுதிக்கொண்டிருப்பவரைக் காட்டிலும், காலையில் முக்கால் மணி நேரமும் விளக்கேற்றும் பொழுதில் அரை மணி நேரமும் ஒதுக்கி வைத்துக்கொண்டு நிதானமாக எழுதுபவரே நெடுங்காலம் இந்தப் பணியில் நிலைத்திருப்பார்.

விவசாயத் துறையில் இந்த நியமத்தைக் கூட்டாக நடத்திப் பார்த்த ஒரு பரிசோதனையும் உண்டு. அதை நாம் மறந்துவிட்டது நல்லதன்று. 1956இல் யுனெஸ்கோவின் உதவியோடு அகில இந்திய வானொலி புனேயைச் சுற்றிய ஐந்து மாவட்டங்களில், நூற்றைம்பது கிராமங்களில், கிராம வானொலி மன்றங்களை அமைத்தது. ஒவ்வொரு கிராமத்திலும் ஏறக்குறைய இருபது பேர் குறித்த நேரத்தில் கூடி, வாரத்துக்கு இரண்டு முறை அரைமணி நிகழ்ச்சியைக் கேட்டு, உடனே கலையாமல் அங்கேயே அமர்ந்து விவாதித்து, தீராத ஐயங்களை நிலையத்துக்கு எழுதி அனுப்பினர். அவற்றுக்கு அடுத்தடுத்த ஒலிபரப்புகளில் விடை கிடைத்தது. வானொலிப் பெட்டி மட்டும் இருந்து மன்றம் இல்லாத கிராமங்களைக் காட்டிலும் மன்றம் இருந்த கிராமங்களில் அறிவு மிகுதியாக வளர்ந்தது என்பதை, பால் நியூரத் என்ற சமூகவியலறிஞர் ஆராய்ந்து எழுதினார். 1959இல் இந்த ஏற்பாடு நாடெங்கும் விரிந்தது. தமிழ்நாட்டிலும் வானொலியின் செல்வாக்கு சாமானியமானதன்று. தஞ்சைப் பகுதி விவசாயிகள் ஆடுதுறை 27 என்னும் நெல் ரகத்துக்கு ரேடியோ நெல் என்றே பெயர் வைத்தார்கள். 2004 ஜனவரியில் மத்திய அரசு தொடங்கிய கிசான் கால் சென்டர், 1800-180-1551 என்ற எண்ணில், காலை ஆறு மணி முதல் இரவு பத்து மணி வரை விவசாயிகளின் கேள்விகளுக்கு அவரவர் மொழியில் விடை கூறுகிறது; முதலில் பேசுபவருக்குத் தெரியாததை மேலுள்ள நிபுணருக்கு அனுப்பும் ஏற்பாடும் அதிலே இருக்கிறது. தெரியாததை அடுத்தவரிடம் ஒப்படைப்பது அங்கே விதியாகவே வைக்கப்பட்டிருப்பது கவனிக்கத்தக்கது.

இவ்வளவையும் மனத்தில் கொண்டு, உத்திரமேரூர்ப் பக்கத்தில் நாள்தோறும் விடை கூறுகிற ஒருவர் கைக்கொள்ளத்தக்க நியமம் எப்படி இருக்கலாம் என்று யோசித்தால், முதற்காரியமாக, எதற்கும் விடை எழுதாமல், இரவில் வந்த கேள்விகள் எல்லாவற்றையும் ஒரு முறை வாசித்து முடிக்க வேண்டும் என்று சொல்வேன். மூன்று பேர் மூன்று விதமாகக் கேட்டிருப்பது ஒரே ஏரிப் பாசனத்தில் பரவும் ஒரே நோயைப் பற்றியது என்பது, எல்லாவற்றையும் சேர்த்து வாசிப்பவருக்கே தெரியும். கேள்விக்குக் கேள்வி பாய்ந்து பாய்ந்து பதில் எழுதுபவருக்குத் தெரியாது. இரண்டாவதாக, பொறுத்திருக்கக் கூடியதையும் பொறுக்க முடியாததையும் பிரிக்க வேண்டும். பட்டா மாறுதலைப் பற்றிய கேள்வி மாலை வரை காத்திருக்கும். வயிறு உப்பிக் கிடக்கும் மாட்டைப் பற்றிய கேள்வி ஒரு மணி நேரமும் காத்திராது, அதற்கு எழுத்தில் விடை கூறுவதே பிழை, உடனே மருத்துவரை அழைக்கச் சொல்லித் தொலைபேசியில் பேசிவிட வேண்டும். அதன் பிறகு, முன்பே பிறர் நல்ல விடை சொல்லியிருந்தால், அதையே தம் சொற்களில் மறுபடி எழுதித் தம் பெயரை நிலைநாட்டாமல், அவர் சொன்னது சரி என்று ஒரு வரியால் உறுதிப்படுத்துவது சபை மரியாதை. விவரம் போதாத கேள்விகளுக்கு எதிர்வினாவை எழுதி விட்டுவிட்டு, மாலையில் திரும்பி வந்து பார்க்கலாம். தமக்குத் தெரியாததைத் தெரிந்தவரிடம் அனுப்பிவிடலாம்.

ஆண்டுக்கு ஆண்டு அதே பருவத்தில் அதே கேள்வி வருவதைக் கண்டு சிலர் சலித்துக்கொள்கிறார்கள். போன சொர்ணவாரியிலும் இதைத்தானே கேட்டார்கள், அப்போதே சொன்னோமே என்பது அவர்கள் குறை. கேட்கிறவர் புதியவர் என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். நேற்றுத்தான் தந்தையின் நிலத்தைப் பார்த்துக்கொள்ள ஊர் திரும்பிய பிள்ளைக்கு, நமக்கு முப்பதாவது முறையாகத் தோன்றும் கேள்வி முதல் கேள்வி. இந்தச் சலிப்புக்கு மருந்து பதிவு செய்து வைப்பதுதான். ஒரு நோட்டுப் புத்தகத்தில் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று பருவவாரியாகப் பிரித்து, கேள்வியையும், கேட்ட எதிர்வினாக்களையும், சொன்ன விடையையும், பதினைந்து நாள் கழித்து வந்த பலனையும், கேட்டவர் பெயரைக் குறிக்காமல், மாதமும் கிராமமும் மட்டும் போட்டு எழுதி வைத்தால், மூன்று ஆண்டுகளுக்குள் அது இந்த வட்டாரத்து மண்ணுக்கும் நீருக்குமே உரிய ஓர் அரிய நூலாகிவிடும். பல்கலைக்கழகத்தின் சிபாரிசு மாநிலம் முழுவதற்கும் பொதுவானது. செய்யாற்றுத் தண்ணீர் பாயும் இந்த ஏரிகளின் கீழுள்ள வயல்களில் அது எப்படிப் பலித்தது என்பதை இங்கிருப்பவர்களே எழுத முடியும்.

அந்த நோட்டுப் புத்தகம் ஒருவர் வீட்டு அலமாரியில் அடைந்து கிடக்க வேண்டியதில்லை. உத்திரமேரூர் நூலகத்தில் அதன் பிரதி ஒன்றை வைத்து, பருவம் தொடங்குமுன் விடை கூறுவோரும் விவசாயிகளும் களை எடுக்கும் பெண்களும் ஒரு நாள் கூடி, சென்ற ஆண்டின் விடைகளைப் படித்து, பலிக்காதவற்றின் பக்கத்தில் காரணத்தைக் குறித்துத் திருத்தி வைப்பதற்குப் பெரிய செலவோ அரசாணையோ வேண்டியதில்லை. வருகிற நவரைக்கு நாற்று விடுவதற்கு முன்பாகவே இதைத் தொடங்கலாம். முதல் கூட்டத்தில், சம்பாவில் வந்த மஞ்சள் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும்.